எக்ஸ் என்றால் ஒன்று

பீளமேட்டில் கணிதக்கோபுரம் அகாடமி இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் நூல் மில்லின் கிடங்காக இருந்தது. மில்லை மூடிய பிறகு முதலாளி சீனிவாசலு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பஞ்சுக்குப் பதிலாகப் பிள்ளைகளை உள்ளே விட்டு நூற்க ஆரம்பித்தார். பஞ்சு பேல்கள் அடுக்கிய இடத்தில் பெஞ்சுகள் வந்தன. வாசலில் லாரியை எடை போடும் மேடை மட்டும் பெயர்க்க முடியாமல் அப்படியே கிடந்தது. பெற்றோர்கள் அதன்மேல் ஸ்கூட்டர் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த அகாடமியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதன் மரியாதையைச் சொல்லலாம். அங்கே யாரும் யாரையும் கடிந்து பேசியதே கிடையாது. ஒரு பையனை வகுப்பைவிட்டுத் துரத்துவதானாலும் "ஏனுங்க தம்பி, சித்த வெளிய நின்னு காத்து வாங்குங்க" என்றுதான் துரத்துவார்கள். தப்பான விடைக்குக்கூட அங்கே தப்பு என்று பெயர் கிடையாது. "திறவோடு ஒத்துப்போகாத விடை" என்று பெயர். திறவு என்றால் விடைத்திறவு. கேள்விகளுக்கெல்லாம் விடை அச்சிட்டு ஊதா அட்டை போட்ட புத்தகம். அலுவலகத்தில் அதை ஒரு தனிப் பலகையில் வைத்திருந்தார்கள். ஆசிரியர்களானாலும் பிள்ளைகளானாலும் அதை எடுக்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. நல்ல வழக்கங்கள் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை என்று சீனிவாசலு பெருமைப்படுவார்.

இந்த இடத்தில்தான் காங்கேயத்துக் கிருபா வேலைக்குச் சேர்ந்தாள். எம்.எஸ்ஸி. கணிதம். பிள்ளைகள் எழுதும் பயிற்சித் தாள்களைச் சரிபார்ப்பதும் சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுப்பதும் வேலை. பயிற்சிக்காலம் முடிந்தால்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்தாள். கெட்ட நேரத்துக்கு அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது.

அகாடமியில் மூன்று வகுப்புகள். அடித்தளம், நடுநிலை, உச்சி. உச்சி வகுப்புக்குத்தான் நுழைவுத்தேர்வு வரைக்கும் ஒழுங்காகப் பாடம் நடக்கும். அடித்தளத்துக்குத் தியானமும் கையெழுத்துப் பயிற்சியும். உச்சியில் இனியா என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா சாமுவேல் மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபிட்டர். மற்ற பிள்ளைகள் இன்ஜினியராக வேண்டும் என்று கணக்குப் படித்தார்கள். இனியாவுக்குக் கணக்குப் படிப்பதற்காகவே கணக்குப் படிக்க வேண்டும். அதற்கென்று இருக்கும் பெரிய கல்லூரியின் நுழைவுத்தேர்வுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். "இதைப் படிச்சு என்னத்தம்மணி பண்ணுவே?" என்று சாமுவேல் கேட்பார். "இன்னும் படிப்பேனுங்கப்பா" என்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு பீஸைக் கட்டினார்.

ஒருநாள் பயிற்சித் தாளில் x² − 8x + 15 என்பதைக் காரணிப்படுத்தச் சொல்லியிருந்தது. திறவில் (x − 3)(x − 5) என்று இருந்தது. இனியா (3 − x)(5 − x) என்று எழுதியிருந்தாள்.

கிருபா அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஏன் கண்ணு, எல்லாரும் முன்னாடி இருந்து போனா நீ மட்டும் பின்னாடி இருந்து வாரே?"

"பதினஞ்சுல இருந்து ஆரம்பிச்சா எனக்கு லேசா வருதுங்க மிஸ். ரெண்டு அடைப்புலயும் குறி மாறிப்போகுது. ஆனா ரெண்டையும் பெருக்குனா மைனஸும் மைனஸும் சேர்ந்து சரியாப் போயிருதுங்களே?"

கிருபாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. சரி என்று குறி போட்டு முழு மதிப்பெண் கொடுத்தாள். வினை அங்கே பிடித்தது. ஏனென்றால் அதே தாளை அகாடமியின் கணினியும் திருத்தும். சீனிவாசலுவின் மகன் சாய்சரண் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து செய்த ஏற்பாடு. அது திறவில் உள்ளதையும் மாணவர் எழுதியதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். திறவில் x + 3 என்று இருக்க, ஒரு பையன் 3 + x என்று எழுதினால் அவனுக்குப் பூஜ்யம். கணினி இனியாவுக்குப் பூஜ்யம் போட்டது. கிருபா முழு மதிப்பெண் போட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அறையில் சீனிவாசலு, பக்கத்தில் நிர்வாக இயக்குநராகிய அவர் மனைவி ராமாமணி, எதிரே மடிக்கணினியோடு சாய்சரண். கிருபாவுக்கு முதலில் காப்பி கொடுத்தார்கள். அகாடமியில் காப்பி கொடுத்தால் ஆபத்து என்று மற்ற ஆசிரியர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதைங்க மேடம்" என்று சாய்சரண் ஆரம்பித்தான். "ஆனா சிஸ்டம் எழுத்தைத்தான் பாக்கும். அர்த்தத்தைப் பாக்க ஆரம்பிச்சா அதுக்கு ஒரு முடிவே கிடையாதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க சார். விரிச்சுப் பாத்தா அதே கோவைதான் வருது."

"ஒண்ணுதானுங்க. அதை யாரு இல்லைன்னா? ஒண்ணா இருக்கறது வேற, ஒரே மாதிரி இருக்கறது வேறங்க."

சீனிவாசலு கையைத் தூக்கினார். நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவர். "புள்ளை கஷ்டப்பட்டு எழுதியிருக்குது. ஒண்ணுன்னு நிரூபிக்க வழி இருந்தா சொல்லுங்க அம்மணி. சட்டுனு பாக்கற மாதிரி இருக்கோணும். ஒவ்வொண்ணா விரிச்சுப் பாக்க நமக்கு ஆள் கிடையாது."

கிருபா யோசிக்காமல் ஒரு வார்த்தையை விட்டாள். "எக்ஸுக்கு ஏதாச்சும் ஒரு எண்ணைப் போட்டுப் பாத்தாலே ஓரளவு தெரிஞ்சுருங்க."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது என்பார்களே, அதுதான் நடந்தது. ஓரளவு என்ற சொல் யார் காதிலும் விழவில்லை. சீனிவாசலுவின் முகம் பிரகாசமாகிவிட்டது.

"இதைத்தானே நாப்பது வருஷமா மில்லுல பண்ணுனோம்! லாரி லாரியா நூல் கோன் போகும். அத்தனையவுமா சோதிப்போம்? ஒரு லாட்டு சரக்குக்கு ஒரு கோன். அதை லேபுல குடுப்போம். அது பாஸ்னா லாட்டு பாஸ். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"ஐயா, அது ஒரே அரிசியில வெந்த சோத்துக்குத்தானுங்க…"

"நம்ம பானையில வேற அரிசி ஏதுங்க அம்மணி?" என்றார் சீனிவாசலு. பேச்சு முடிந்தது.

எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் நேரம் ஆயிற்று. ராமாமணி எண் ஜோதிடத்தில் ஆழ்ந்தவர். அவர் கார் நம்பரைக் கூட்டினால் ஒன்பது வரும். அதற்காகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காத்திருந்து வாங்கியவர். எட்டு சனி, ஆகாது என்றார். ஏழு கேது. பூஜ்யம் சூனியம், பேசவே வேண்டாம். மைனஸில் இருப்பதெல்லாம் குறை. "மொய் வெச்சாக்கூட நூறு வெப்பமா? நூத்தி ஒண்ணுதானே வெக்கிறோம். ஒண்ணுதானுங்க மங்களம். எக்ஸுக்கு ஒண்ணு போடுங்க."

"மேடம், ஒண்ணு மட்டும் வேண்டாமுங்க" என்றாள் கிருபா. "ஒண்ணை எத்தனை தடவை பெருக்குனாலும் ஒண்ணுதானுங்க வரும். எது எதுன்னே பிரிச்சுப் பாக்க முடியாது."

"அதனாலதானுங்க அது நிலையான எண்ணு" என்றார் சீனிவாசலு கனிவாக.

இனியாவின் விடையில் அப்போதே போட்டுப் பார்த்தார்கள். திறவில் உள்ளதற்கு எட்டு வந்தது. இனியாவின் விடைக்கும் எட்டு வந்தது. சமம்தான். ஆனால் முதல் சோதனையிலேயே எட்டு வந்துவிட்டதே என்று ராமாமணிக்கு முகம் வாடிவிட்டது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "எட்டுன்னு பதிய வேண்டாமுங்க. ஏழு கூட்டல் ஒண்ணுன்னு பதிஞ்சுக்கலாம். ரெண்டும் ஒண்ணுதானுங்களே." அதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை. சாய்சரண் உடனே அப்படியே பதிந்தான். கிருபா காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்படியாகச் சமநிலை விடை ஆய்வுக் குழு பிறந்தது. அவினாசி ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் x = 1 என்று தங்க நிறத்தில். அதற்கு மேலே சீனிவாசலு கும்பிட்டபடி, கீழே ராமாமணி கும்பிட்டபடி. குத்துவிளக்கு ஏற்ற ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் பேச்சு இன்றைக்கும் அகாடமியில் நினைவுகூரப்படுகிறது.

"தலைமுறை தலைமுறையாக எக்ஸைக் கண்டுபிடி, எக்ஸைக் கண்டுபிடி என்று பச்சைக் குழந்தைகளை வதைத்தோம். நானும் அந்த வதைக்கு ஆளானவன்தான். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எக்ஸ் வந்தது. அதனால்தான் நிர்வாகத் துறைக்குப் போனேன். இன்றைக்கு இந்த அகாடமி எக்ஸை ஒரே தடவையில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. இனி யாரும் தேட வேண்டியதில்லை."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. இனியாவுக்கும் மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. அவள் கிருபாவிடம் வந்து "தேங்க்ஸுங்க மிஸ்" என்றாள். அந்த ஒரு வாரம் கிருபா நிம்மதியாக இருந்தாள். எப்படியோ, சரியான விடைக்கு மதிப்பெண் வந்துவிட்டது. அது போதும் என்று நினைத்தாள்.

அடுத்த தாளில் (x + 1)² என்பதை விரித்து எழுதச் சொல்லியிருந்தது. கடைசி பெஞ்சு ரூபன் x² + 3 என்று எழுதினான். அவன் தெரிந்து எழுதினானா தெரியாமல் எழுதினானா என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் எக்ஸுக்கு ஒன்று போட்டால் திறவிலும் நான்கு, ரூபனிடமும் நான்கு. குழு கூடிச் சமம் என்று தீர்ப்புச் சொன்னது. ரூபன் முட்டாள் அல்ல. அடுத்த தாளில் அவன் எக்ஸையே எழுதவில்லை. வெறும் ஓர் எண்ணை எழுதி வைத்தான். அதுவும் பாஸ்.

"என்ன தம்பி இது? எக்ஸ் எங்கே?" என்றாள் கிருபா.

"எக்ஸ்தான் ஒண்ணுன்னு ஆயிப்போச்சுங்களே மிஸ். ஒண்ணை எதுக்குச் சும்மா தூக்கிச் சுமந்துட்டு?"

அந்த மாதத்துக்குள் வகுப்பு முழுக்க அந்த ஞானம் பரவிவிட்டது. திறவின் விடையில் ஒன்று போட்டால் என்ன வருமோ, அது வருகிற எதையாவது எழுதினால் போதும். எல்லாரும் நூறு. அடித்தளத்தில் தியானம் பண்ணிக்கொண்டிருந்தவர்களும் நூறு. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று கண்கலங்கினார். எங்கள் பரம்பரையிலேயே இப்படி யாரும் மார்க் வாங்கியதில்லை என்றார். சீனிவாசலு கைகூப்பி, "எல்லாம் உங்க புள்ளைங்க திறமைங்க. நாங்க என்ன பண்ணினோம்?" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் பாதி உண்மை.

கிருபாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சீனிவாசலுவைத் தனியாகப் பார்த்தாள்.

"ஐயா, ரெண்டாவதா இன்னொரு எண்ணையும் போட்டுப் பாக்கலாமுங்க. ரெண்டு போட்டா திறவுல ஒம்போது வரும். ரூபன் எழுதுனதுக்கு ஏழுதான் வரும். உடனே தெரிஞ்சுருமுங்க."

சீனிவாசலு வருத்தத்தோடு தலையாட்டினார். "ஒரு லாட்டுக்கு ரெண்டு கோன் எடுத்துச் சோதிச்சா என்ன அர்த்தமுங்க அம்மணி? அந்த லாட்டு மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னுதானே அர்த்தம்? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நம்பிக்கை இல்லீங்களே ஐயா. அதுதானுங்க நான் சொல்றது."

"அதை வெளிய சொல்லலாமுங்களா?"

இரண்டு நாளில் சுற்றறிக்கை வந்தது. மரியாதைக்குக் குறைவில்லாத சுற்றறிக்கை. வளாகத்துக்குள்ளும், வளாகத்தின் மாணவர்கள் தேர்வெழுதும் பிற இடங்களிலும், எக்ஸுக்கு ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணையும் முன் அனுமதியின்றிப் பிரதியிட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. அனுமதி வேண்டுவோர் காரணத்தை விளக்கி விண்ணப்பிக்கலாம். குழு ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கூடும். இதைக் கிருபா மேடம் அவர்களே ஒவ்வொரு வகுப்பிலும் வாசித்துக் காட்டினால் சிறப்பாக இருக்கும்.

வாசிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காங்கேயத்துக்கு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் பயிற்சிக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வீட்டில் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஒரு காகிதத்தைத்தானே வாசிக்கப் போகிறோம், யார் இதையெல்லாம் மதிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உச்சி வகுப்பில் நின்று வாசித்தாள். ரூபன் சிரித்தான். மற்றவர்கள் ஜன்னல் வழியாக எதையோ பார்த்தார்கள். இனியா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கவனமாகக் கேட்டாள். கிருபாவுக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் வந்தது இனியாவுக்குச் சனி.

1/(x − 1) − 1/(x + 1) என்பதைச் சுருக்கச் சொல்லியிருந்தது. திறவில் 2/(x² − 1). மற்ற பிள்ளைகள் திறவை முந்தின நாளே உருப்போட்டுவிட்டார்கள். எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்கினார்கள். அதனால் சோதனைக்கே போகவில்லை. இனியா தானாகப் போட்டு 2/((x − 1)(x + 1)) என்று எழுதினாள். சரியான விடை. ஆனால் திறவின் எழுத்தோடு ஒட்டாததால் குழுவுக்குப் போயிற்று. குழு வழக்கப்படி எக்ஸுக்கு ஒன்று போட்டது. கீழே பூஜ்யம் வந்து நின்றது. சாய்சரண் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தான். கணக்கிடும் கருவி மறுத்துவிட்டது.

"மெஷினே ஏத்துக்க மாட்டேங்குதுங்க" என்றான்.

"பூஜ்யத்தால வகுக்க முடியாதுங்க சார்" என்றாள் கிருபா. "இந்தக் கேள்விக்கே எக்ஸ் ஒண்ணா இருக்கக் கூடாதுங்க. நீங்க திறவுல இருக்கறதையும் போட்டுப் பாருங்க. அதுலயும் இதேதான் வரும்."

சீனிவாசலுவுக்கு முதல்தடவையாகக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "திறவையா? தராசை யாராச்சும் தூக்கி எடை போடுவாங்களாங்க அம்மணி?"

ராமாமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "அந்தப் புள்ளை எழுதுனதுல ஒண்ணு போட்டா சூனியமுல்ல வருது. மங்களமான எண்ணையே இப்படிப் பண்ற விடையை நாம எப்படீங்க வெச்சுக்கறது?"

இனியாவுக்கு அந்தத் தாளில் இரண்டு மதிப்பெண் போயிற்று. மற்ற எல்லாரும் நூறு என்பதால் தொண்ணூற்றெட்டு வாங்கிய இனியா அகாடமியிலேயே கடைசி ரேங்க். கடைசி ரேங்க் வாங்கியவரை உச்சியில் வைத்துக்கொள்வது விதிப்படி முடியாது. இருந்தாலும் பெரிய மனசு பண்ணி அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

சாமுவேல் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டுச் சீருடையோடேயே வந்தார். அவருக்கும் காப்பி கொடுத்தார்கள்.

"உங்க பொண்ணு நல்ல புள்ளைங்க" என்றார் சீனிவாசலு. "ரொம்ப நல்ல புள்ளை. ஆனா தானா யோசிச்சு எழுதுதுங்க."

சாமுவேல் எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கோங்க ஐயா. ஊட்டுல அப்படியெல்லாம் பழக்குலீங்க."

"தெரியாமப் பண்ணுதுங்க. கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாப் புள்ளைகளும் ஒரு வழியில போகையில இது மட்டும் வேற வழியில போயி அதே எடத்துக்கு வந்து நிக்குது. அதே எடத்துக்குத்தான் வாரதுன்னா எதுக்குங்க வேற வழி?"

வெளியே வந்ததும் சாமுவேல் மகளின் தலையைத் தடவினார். அவருக்கு அந்த இரண்டு விடையும் புரியவில்லை. மகள் அடித்தளத்துக்குப் போய்விடுவாள் என்பது மட்டும் புரிந்தது. "அவங்க சொல்றபடி எழுதிப்போட்டுப் போயேன் கண்ணு. என்ன கொறைஞ்சுபோகுது?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. இனியா தலையை ஆட்டினாள். கிருபா வராந்தாத் தூணோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து நீ எழுதினதுதான் சரி என்று அந்தப் பெண்ணிடம் உரக்கச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இனியாவின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. திறவை உருப்போட்டாள். மறந்துபோன இடத்தில் எக்ஸுக்கு ஒன்று போட்டுப் பார்த்து எழுதினாள். நூறு வாங்கினாள், உச்சியிலேயே இருந்தாள். முன்பெல்லாம் இடைவேளையில் ஓடிவந்து "மிஸ், இதை இப்படியும் போடலாமுங்க" என்று கிருபாவின் நோட்டில் கிறுக்குவாள். இப்போது வருவதில்லை. ஒருநாள் கிருபாவே கூப்பிட்டு ஒரு கணக்கைக் கொடுத்து, "வேற வழியில போட்டுக் காட்டு பாக்கலாம்" என்றாள். இனியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"திறவுல எந்த வழிங்க மிஸ் போட்டிருக்குது?" என்று கேட்டாள்.

கிருபா நோட்டை மூடி வைத்தாள். தேர்வு முடியட்டும், கல்லூரிக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும், அங்கே சீனிவாசலு இருக்க மாட்டார் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டாள். அவளுக்கு வேலையும் நிரந்தரமாயிற்று. ராமாமணி தேங்காய் பழத்தோடு ஆணையைக் கொடுத்தார்.

அந்தப் பெரிய கல்லூரியின் நுழைவுத்தேர்வு பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. எல்லாரும் நூறு வாங்குகிறார்களே என்று உச்சி வகுப்பு முழுவதையும் சீனிவாசலு அதற்கு எழுத வைத்திருந்தார். நல்ல வெயில். சீனிவாசலு வாசலில் பந்தல் போட்டுப் பிள்ளைகளுக்கு மோரும் தயிர்சாதப் பொட்டலமும் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். பாராட்டுப் பிளெக்ஸ் முன்கூட்டியே அடித்து வேனுக்குள் சுருட்டி வைத்திருந்தது. மணி அடித்ததும் முதலில் வெளியே வந்தவன் ரூபன்.

"ஐயா! கேள்வித்தாளே தப்புங்க!" என்று கத்திக்கொண்டு வந்தான். "நாலு விடை குடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு போட்டிருக்குது. நாலுமே சரிங்க!"

பின்னாலேயே வந்தவர்களும் அதையே சொன்னார்கள். (x + 1)³ − (x³ + 1) என்பதைச் சுருக்க வேண்டும். கொடுத்திருந்த விடைகள் 6x, 6x², 3x + 3, 3x(x + 1). எக்ஸுக்கு ஒன்று போட்டால் நான்கிலும் ஆறு. கேள்வியிலும் ஆறு. இப்படியே ஒரு பக்கம் முழுக்க. கேள்வி தயாரித்தவர்கள் இந்தச் சுருக்குவழியைத் தெரிந்துகொண்டு, அதில் வருகிறவர்களை வடிகட்டவே இப்படி வைத்திருக்கிறார்கள் என்று கிருபாவுக்குக் கேட்ட கணத்திலேயே புரிந்துவிட்டது. அவள் கண் கூட்டத்தில் இனியாவைத் தேடியது.

சீனிவாசலுவுக்கு வேறு விதமாகப் புரிந்தது. ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி அதன்மேல் ஏறி நின்றார்.

"பெற்றோர்களே, யாரும் பதறாதீங்க. அத்தனை பெரிய கல்லூரிக்கே எது சரின்னு தெரியாம நாலையும் சரியாக் குடுத்துப்போட்டாங்க. அதை இந்தியாவுலயே கண்டுபிடிச்சவங்க நம்ம புள்ளைங்கதான். தப்பான கேள்விக்கு எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டே ஆகோணும். இன்னைக்கே மரியாதையா ஒரு கடுதாசி எழுதிப்போடறோம்."

கைதட்டினார்கள். ஒரு தாய் ரூபனுக்குத் திருஷ்டி கழித்தார். வேனிலிருந்து பிளெக்ஸை இறக்கிவிட்டார்கள்.

இனியா கடைசியில்தான் வந்தாள். சாமுவேல் மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்திவிட்டு மகளுக்காக மோர் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். கிருபா அவரை முந்திக்கொண்டு அவளிடம் போய்விட்டாள்.

"அந்தப் பக்கத்துல, நாலும் ஆறு வர்ற கேள்விக்கு… நீ என்ன கண்ணு போட்டே?"

"எனக்கு 3x² + 3x-ன்னு வந்துச்சுங்க மிஸ். அந்த மாதிரி அங்க ஒண்ணும் இல்லீங்க."

"3x பொதுவா வெளிய எடுத்தா கடைசி விடைதானே அது?"

"அப்படித்தானுங்க மனசுல பட்டுச்சு." இனியா தரையைப் பார்த்தாள். "ஆனா மனசுல பட்டதை எழுதித்தானுங்களே கடைசி ரேங்க் வந்தேன். அதனால நாலுலயும் ஒண்ணு போட்டுப் பாத்தேன். நாலும் ஆறுன்னு வந்துருச்சு. எதைத் தொடறதுன்னு தெரியாம அந்தப் பக்கத்தையே விட்டுட்டு வந்துட்டேனுங்க மிஸ்."

ஒரு பக்கம் முழுக்க. அதோடு அந்தக் கல்லூரி போயிற்று. அது கிருபாவுக்கும் தெரியும், இனியாவுக்கும் தெரியும். மோர் டம்ளரோடு நிற்கிற மனிதருக்குத்தான் இன்னும் தெரியாது.

"ரெண்டு போட்டுப் பாத்திருக்கலாமே கண்ணு" என்றாள் கிருபா. அழுகையை அடக்கிக்கொண்டு பேசியதால் குரல் சண்டை போடுவதுபோல வந்தது. "எக்ஸுக்கு ரெண்டு போட்டிருந்தா நாலும் தனித்தனியாப் பிரிஞ்சிருக்குமே! உனக்கா அது தெரியாது?"

"தெரியுமுங்க மிஸ். ஓரத்துல ரெண்டுன்னு எழுதிக்கூட வெச்சேன். அப்புறம் அடிச்சுப்போட்டேன்."

"ஏன்?"

"நாம அனுமதி வாங்கலீங்களே" என்றாள் இனியா. "நம்ம புள்ளைங்க வேற எடத்துல பரீட்சை எழுதுனாலும் அப்படித்தான்னு நீங்கதானுங்களே மிஸ் வகுப்புல படிச்சுக் காட்டுனீங்க."

அவள் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அப்பாவிடம் மோரை வாங்கிக் குடித்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்து, "போயிட்டு வாரேனுங்க மிஸ்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.